அறளைக்கு முன்பே கலத்துக்குள் தொடங்கும் சேதம்

கேசரிப் பருப்பு வரட்சியைத் தாங்கும் பயிர். மழை பொய்த்து மற்றதெல்லாம் கருகிப்போனாலும் அது காய்த்துக் கொடுக்கும். அதனால் மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் வங்காளதேசத்திலும் எத்தியோப்பியாவிலும் பஞ்ச காலங்களில் ஏழைகள் அதையே மாதக்கணக்கில் உண்டு உயிர் பிழைத்தார்கள். அப்படி உண்டவர்களில் சிலருக்குக் கால் விறைத்தது. முழங்கால் நீட்ட வராமல், நடக்கும்போது கால்கள் ஒன்றோடொன்று பின்னி, கடைசியில் ஊன்றுகோலே கதியானது. பருப்பை நிறுத்திய பிறகும் போன நடை திரும்பவில்லை. 1961இல் இந்தியா அதன் விற்பனைக்குத் தடை போட்டது. ஆனாலும் ஒரு கேள்வி பதிலில்லாமல் கிடந்தது. ஒரே பானையில் சமைத்ததைத்தான் வீட்டில் எல்லோரும் உண்டார்கள். முடங்கியவர்களில் பெரும்பாலோர் ஏன் ஆண்கள்?

இந்தக் கேள்வியைக் கலத்துக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் விஜயலட்சுமி ரவீந்திரநாத். சென்னையில் 1953இல் பிறந்து, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1986இல் பெங்களூரின் நிமான்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த உயிர்வேதியியலாளர். நரம்புக்கலம் எப்படிச் சாகிறது, சாவதற்கு முன் அதற்குள் முதலில் எது பழுதாகிறது என்பதையே அவர் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார்.

கலத்துக்குச் சக்தி தருவது இழைமணி. அதன் உட்சவ்வில் வரிசையாக இருக்கும் புரதத் தொகுதிகளில் முதலாவது 'கொம்பிளெக்ஸ் 1'. உணவிலிருந்து வரும் இலத்திரன்கள் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. இது படுத்துவிட்டால் சக்தி குறையும். கூடவே கலத்தையே அரிக்கும் ஒட்சியேற்றப் பொருட்களும் பெருகும். கேசரிப் பருப்பில் உள்ள நச்சு அமினோ அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியிலும் கால்களுக்கு நரம்பு அனுப்பும் கீழ் முண்ணாணிலும் கொம்பிளெக்ஸ் 1 செயலிழந்தது. 1998இல் ரவீந்திரநாத்தின் குழு வெளியிட்ட ஆய்வின் சாரம், கலம் சிதைவதற்கு முன்பே இந்தப் பழுது வந்துவிடுகிறது என்பதுதான்.

பழுதின் இடத்தையும் அவர்கள் கண்டார்கள். கொம்பிளெக்ஸ் 1இல் கந்தகம் தாங்கிய நுனிகள் உண்டு. ஒட்சியேற்றம் கூடும்போது அவை ஒன்றோடொன்று பிணைந்து பூட்டிக்கொள்கின்றன. அந்தப் பூட்டைத் திறந்துவிடும் வேலை குளூட்டாரெடொக்சின் என்ற சிறு நொதியத்தினுடையது. பெண் எலிகளின் மூளையில் அது கூடுதலாக இருந்தது. நச்சு அவற்றை அவ்வளவாகத் தாக்கவில்லை. சூலகத்தை அகற்றிய பெண் எலிகளோ ஆண் எலிகளைப் போலவே பாதிக்கப்பட்டன. ஆக, ஈஸ்திரசன் ஓமோன் அந்த நொதியத்தைத் தூக்கி நிறுத்திக் காவல் கொடுத்திருக்கிறது. பஞ்ச காலத்து வீடுகளில் கண்ட வித்தியாசத்துக்கு எலியின் முண்ணாணில் ஒரு நியாயமான விளக்கம் கிடைத்தது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் காவல் என்னவாகிறது என்பது அடுத்து எழும் கேள்வி. அல்சைமர் நோயாளிகளில் பெண்களே அதிகம் என்பதை நினைத்தால், அதைச் சின்னக் கேள்வி என்று ஒதுக்க முடியாது.

இதே கொம்பிளெக்ஸ் 1 வேறொரு கதையிலும் வருகிறது. 1982இல் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில், போதைப்பொருள் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் ஒரே இரவில் சிலையாகிப் போனது போல வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பேச்சும் இல்லை, அசைவும் இல்லை. வயோதிபருக்கு வரும் நடுக்குவாதத்தின் முற்றிய நிலை. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் வைத்தியர் துருவிப் பார்த்ததில், கள்ளத்தனமாகக் காய்ச்சிய மருந்தில் எம்பிடிபி என்ற கலப்படம் அகப்பட்டது. அது மூளைக்குள் எம்பிபி பிளஸ் என்ற பொருளாக மாறி, டோபமின் சுரக்கும் கலங்களுக்குள் புகுந்து, கொம்பிளெக்ஸ் 1ஐ அடைத்துவிடுகிறது. 1989இல், சாதாரண நடுக்குவாதத்தில் இறந்தவர்களின் மூளையிலும் அதே தொகுதி குன்றியிருப்பது தெரியவந்தது. எம்பிடிபி கொடுத்த எலிகளில் கொம்பிளெக்ஸ் 1 மீண்டெழுவதற்கும் குளூட்டாரெடொக்சின் வேண்டும் என்று ரவீந்திரநாத்தின் ஆய்வுகூடம் 2003இல் காட்டியது.

சம்மாந்துறை வாசகர் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. எம்பிபி பிளஸ்ஸின் வேதியியல் கட்டமைப்பு பரகுவாட்டின் கட்டமைப்பைப் பெரிதும் ஒத்தது. கிரமக்சோன் என்ற பெயரில் நம் வட்டைகளுக்கு வந்த களைகொல்லி அதுதான். சாரனை மடித்துக் கட்டி, முதுகில் தாங்கியோடு, வெறுங்காலுடன் சேற்றில் இறங்கி, காற்று எதிர்த்து வீசினாலும் மருந்து அடித்து முடித்த ஒரு தலைமுறை இன்று எழுபதைத் தாண்டி நிற்கிறது. இலங்கை பரகுவாட்டை 2008 தொடக்கம் 2011க்குள் படிப்படியாக ஒழித்தது. அதைக் குடித்து மாண்டவர்களின் தொகையே அதற்குக் காரணம். அதே 2011இல் அமெரிக்காவில், பரகுவாட் அல்லது ரொட்டெனோன் என்ற பூச்சிகொல்லியைப் பயன்படுத்தியவர்களுக்கு நடுக்குவாதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் காணப்பட்டதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. இதைக் கொண்டு ஒரு தனி விவசாயியின் கைநடுக்கத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்று வேறு மருந்து அடிப்பவர் கையுறையும் முகக்கவசமும் போட இது போதுமான காரணம்.

அல்சைமர் பக்கம் வருவோம். இங்கே ரவீந்திரநாத்தின் குழு பார்த்தது நரம்புக்கலங்கள் சந்திக்கும் முனைகளை. அந்த முனைகளில் அரும்பு போன்ற சிறு புடைப்புகள் உண்டு. ஞாபகம் பதிவதற்கு அவை நிமிர்ந்து நிற்க வேண்டும். பந்தலைக் கால்கள் தாங்குவதுபோல் அவற்றை அக்டின் இழைகள் தாங்குகின்றன. அல்சைமர் வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளில், ஒரு மாத வயதிலேயே இந்த இழைகள் குலையத் தொடங்கிவிட்டன என்று 2018இல் அவர்கள் எழுதினார்கள். மூளையில் அமிலொயிட் என்ற புரதப் படிவு கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முந்திய கட்டம் அது. இழைகளை உறுதிப்படுத்தும் ஒரு பொருளைக் கொடுத்தபோது எலிகளின் ஞாபகம் தேறியது.

2012இல் அதே குழு நம்மூர் ஆட்களுக்குப் பழகிய ஒரு பெயரோடு வந்தது: அமுக்கரா. அதன் கிழங்குச் சாற்றை 30 நாள் கொடுத்ததும் நோயுற்ற எலிகளின் நடத்தை சீரானது. மூளையில் அமிலொயிட் குறைந்தது. வியப்பு என்னவென்றால், மருந்து பிரதானமாக வேலை செய்த இடம் ஈரல். அங்கே ஒரு புரதம் கூடி, இரத்தத்திலிருந்து அமிலொயிட்டை இழுத்து அகற்ற, மூளையிலிருந்து மேலும் வடிந்தது. அழகான ஆய்வு. அதற்காக அமுக்கராத் தூளை வாங்கி வாப்பாவுக்குக் கரைத்துக் கொடுக்கக் கிளம்பிவிடக் கூடாது. எலியில் தேறியது மனிதரில் தேறும் என்று நிறுவப்படவில்லை. அமுக்கராவால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய பதிவுகளும் உண்டு.

ஆய்வுகூடத்தில் இவ்வளவு கண்ட ஒருவர் பிறகு கிராமத்துக்குப் போனார் என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி. மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டியெழுப்பிவிட்டு, 2009இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்த ரவீந்திரநாத், அங்கே மூளை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெரிய வேலை கோலார் மாவட்டத்துச் சிறீனிவாசபுரத்தில் நடக்கிறது. 45 வயதைத் தாண்டிய 10,000 கிராமத்தவரை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்து, இரத்தம், மரபணு, ஞாபகம், மூளைப்படம் என்று எல்லாவற்றையும் பதிவுசெய்வது இலக்கு. கலத்துக்குள் நோய் பல்லாண்டு முன்பே தொடங்குகிறதென்றால், இன்னும் நோய் வராதவர்களைத்தானே பார்க்க வேண்டும்.

இலங்கையிலும் இந்த வழியில் உழைப்பவர்கள் உண்டு. சிறீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ரணில் டி சில்வாவின் குழு, கொழும்பில் இறந்த முதியோரின் மூளைத் திசுவை நிமான்ஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்திருக்கிறது. ராகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான கணிப்பில், 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 4 வீதத்தினருக்கு மறதிநோய் இருந்தது. அம்பாறைக் கரையோரத்துக்கும் நெடுங்காலத் தொடர் ஆய்வு ஒன்று வேண்டும். நெல்வயல், நீரிழிவு, உறவுக்குள் திருமணம் என்று இங்குள்ள வாழ்க்கை வேறு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. பக்கத்தில் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. தொடங்க நினைத்தால் இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

அதுவரை வீடுகளில் செய்யக்கூடியது உண்டு. லுஹர் தொழுதுவிட்டு, தொழவில்லையே என்று மறுபடி ஒழு எடுக்கப் போகும் உம்மம்மாவைப் பார்த்து 'அறளை பேந்திட்டு' என்று விட்டுவிடுகிறோம். தைரொயிட் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே மறதியைத் தரும்; இவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. காது மந்தம், பிரஷர், சீனி, பார்வைக் குறைவு உட்பட 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் மறதிநோயில் 45 வீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு சொன்ன கணிப்பு. கிளினிக்குக் கூட்டிப்போகும்போது, அவர் குடிக்கும் எல்லா மருந்தையும், யூனானிச் சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சில தூக்க மருந்துகளும் ஒவ்வாமை மருந்துகளும்கூட முதியவரின் ஞாபகத்தைக் குழப்பும். வைத்தியர் முதலில் பார்க்க விரும்புவது அந்தப் பையைத்தான்.