கேக்டஸ் சுருங்குதா? தண்ணீர் ஊற்றும் முன் வேரைப் பாருங்க!

"பராமரிப்பே தேவையில்லை, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி ஊத்தினா போதும்." நர்சரியில் கேக்டஸ் வாங்கும் பலருக்கும் கிடைக்கும் அறிவுரை இதுதான். வீட்டுக்குக் கொண்டு வந்து ஜன்னல் ஓரம் வைத்து, சொன்னபடியே வாரம் தவறாமல் ஊற்றுவோம். ரெண்டு மூணு மாதம் செடி நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒருநாள் லேசாகச் சுருங்கும். "ஐயோ, தண்ணி பத்தலை போல" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். அடுத்த வாரம் தொட்டுப் பார்த்தால் அடிப்பகுதி கொழகொழவென்று அழுகிக் கிடக்கும்.

வறண்ட நிலத்திலேயே தாக்குப்பிடிக்கும் செடி நம் வீட்டில் ஏன் சாகிறது? தவறு எங்கே நடக்கிறது? பார்க்கலாம்.

ஒரே அறிகுறி, நேரெதிர் காரணங்கள்

கேக்டஸ் சுருங்குவதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. ஒன்று, உண்மையிலேயே தண்ணீர் போதாமல் இருக்கலாம். இன்னொன்று, தண்ணீர் அதிகமாகி வேர் அழுகியிருக்கலாம். வேர் அழுகிவிட்டால் மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் செடியால் உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தில் வாடும் செடி போலச் சுருங்கும். அந்த நேரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் பல செடிகளின் கதையை முடித்துவிடுகிறது.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மண் முழுக்கக் காய்ந்திருந்து, செடியின் அடிப்பகுதி கெட்டியாக இருந்தால் அது தாகம். தண்ணீர் ஊற்றினால் சில நாட்களில் பழையபடி நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி சுருங்கினாலோ, அடிப்பகுதி மிருதுவாகி நிறம் மாறினாலோ உடனே உஷாராகணும். தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ கெட்டியாக இருந்தால் நல்ல வேர். கறுத்துப்போய், இழுத்தால் நூல் போலக் கையோடு வந்தால் அழுகல்.

வாரம் ஒருமுறை என்ற கணக்கு ஏன் தப்பு?

மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து சுவாசிக்கும், அதன் வழியே நிறைய நீரை இழக்கும். கேக்டஸ் தன் துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கிறது. போதாததற்குத் தண்டு முழுக்க நீரைச் சேமித்து வைத்திருக்கிறது. அதனால் பல நாட்கள் தண்ணீர் இல்லாமல் அதற்குப் பழக்கம். ஆனால் மண்ணில் எந்நேரமும் ஈரம் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது, பூஞ்சை புகுந்துவிடும்.

மண் எத்தனை நாளில் காயும் என்பதை காலண்டர் சொல்லாது. ஏப்ரல், மே வெயிலில் மொட்டை மாடியில் இருக்கும் சின்ன மண்தொட்டி நாலைந்து நாளில் காய்ந்துவிடும். அதே தொட்டி நவம்பர் மழைக்காலத்தில், காற்றே ஈரமாக இருக்கும்போது, வாரக்கணக்கில் காயாது. எனவே ஒரு குச்சியை மண்ணுக்குள் அடிவரை விட்டு எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றும்போது அரை டம்ளர், கால் டம்ளர் எனக் கணக்குப் பார்க்காமல் தொட்டியின் ஓட்டை வழியாக வெளியேறும் அளவுக்கு ஊற்றலாம். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுவது அவசியம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செடியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுவது நல்லது. அந்த மூணு மாதமும் குச்சி சொல்வதை மட்டும் கேளுங்கள்.

பாதிப் பிரச்சினை மண்ணில்தான்

கடையில் வரும் தொட்டிகளில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு அதிகம் இருக்கும். நீரைப் பிடித்து வைக்கும் குணம் கொண்டது அது. மற்ற செடிகளுக்கு நல்லது, கேக்டஸுக்கு ஆபத்து. வாங்கி வந்து சில நாட்கள் கழித்து மண்ணை மாற்றிவிடுவது பாதுகாப்பு.

கலவை எளிது. செம்மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பெருமணலோ பெர்லைட்டோ உடைத்த செங்கல் துண்டுகளோ இரண்டு பங்கு. எம்-சாண்ட் பயன்படுத்தினால் தூள் போகக் கழுவிவிட்டுச் சேர்க்கலாம். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அது வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் மேலே குளம் கட்டாமல் சட்டென்று இறங்க வேண்டும், அதுதான் சரியான கலவைக்கு அடையாளம்.

மண்தொட்டி என்றால் பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். அடியில் ஓட்டை இல்லாத அழகுக் கிண்ணங்கள், கண்ணாடி ஜாடிகள் வேண்டவே வேண்டாம். மண் மாற்றிய பிறகு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதீங்க, காயம்பட்ட வேர்கள் ஆற அந்த அவகாசம் தேவை.

உச்சி மெலிந்தால் என்ன அர்த்தம்?

உருண்டையாக இருந்த செடி திடீரென்று கூம்பு போல மேல்நோக்கி மெலிந்து, வெளிறி வளர்ந்தால் "ஆஹா, நல்லா வளருது" என்று சந்தோஷப்பட வேண்டாம். வெளிச்சம் போதவில்லை என்பதற்கான அறிகுறி அது. மெலிந்த பகுதி மறுபடி பருக்காது, இனி வளர்வதைத்தான் சரிசெய்ய முடியும்.

அதற்காக அறைக்குள் இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தாலும் சிக்கல்தான். வெயில் பட்ட பக்கம் வெளுத்து, பிறகு காய்ந்து தழும்பாகிவிடும். முதலில் காலை வெயில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி இரண்டு மூன்று வாரத்தில் பழக்குங்கள். கோடையில் மொட்டை மாடியில் நிழல்வலை கட்டுவது நல்லது.

அடிப்பகுதியில் பழுப்பு நிறத்தைக் கண்டதும் பயப்படவும் தேவையில்லை. தொட்டால் கட்டை போலக் கெட்டியாக இருந்தால் அது வயதாவதன் அடையாளம், அவ்வளவுதான்.

அழுகிய செடியைக் காப்பாற்ற முடியுமா?

அழுகல் உச்சிவரை போகாவிட்டால் முடியும். ஸ்பிரிட்டால் துடைத்த கூர்மையான கத்தியால் அழுகலுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால், சுத்தமான சதை வரும்வரை இன்னும் மேலே வெட்டிக்கொண்டே போகணும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைப்பது அவசியம்.

பிறகு மேல்பகுதியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு வாரம் காயவிடுங்கள். வெட்டுவாய் தோல் போல இறுகியதும் காய்ந்த மண்கலவையின் மேல் உட்கார வைத்தால் போதும். வேர்விடச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை கை பரபரத்தாலும் தண்ணீர்க் குவளையைத் தொடாதீங்க!

வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால்?

முள்ளுக்கு நடுவில் சின்னச் சின்னப் பஞ்சு போலத் தெரிந்தால் அது மாவுப்பூச்சியாக இருக்கலாம். காது குடையும் பஞ்சுக்குச்சியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இறங்கிய பிறகு தெளிக்கலாம். வாரம் ஒருமுறை என மூன்று நான்கு முறை செய்தால்தான் பலன். வேரிலும் ஒளிந்திருக்கும் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாவுப்பூச்சியின் உறவுக்காரப் பூச்சி ஒன்றுக்கு வரலாறே உண்டு. வெள்ளைப் பஞ்சு போர்த்திய காச்சினீல் பூச்சி வகை ஒன்று 1926-ல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நிலங்களை ஆக்கிரமித்திருந்த சப்பாத்திக்கள்ளியை அது வெகுவாக ஒழித்துக்கட்டியது. அவ்வளவு பெரிய கள்ளிப் புதர்களையே சாய்த்த கூட்டம் என்றால், கைப்பிடி அளவு தொட்டிச் செடி எம்மாத்திரம்?

சிவப்புத் தலை கேக்டஸ்: உங்கள் மேல் தப்பில்லை

பச்சைத் தண்டின் மேல் சிவப்பு, மஞ்சள் பந்து உட்கார்ந்திருக்கும் மூன் கேக்டஸ் உண்மையில் ஒட்டுக்கட்டிய இரண்டு செடிகள். மேலே இருக்கும் வண்ணப் பந்தில் பச்சையம் இல்லை, தானாக உணவு தயாரிக்கத் தெரியாது. கீழே இருக்கும் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடி வகை, அதுதான் சோறு போடுகிறது. இரண்டின் வளர்ச்சி வேகமும் வேறு என்பதால் பல ஒட்டுகள் சில வருடங்களிலேயே பிரிந்துவிடும். எவ்வளவு கவனித்தாலும் இது நடக்கலாம், வருத்தப்பட வேண்டாம்.

வாங்கியது கேக்டஸ்தானா?

முள் இருப்பதெல்லாம் கேக்டஸ் இல்லை. நம் ஊர் சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் வேறு குடும்பம். கேக்டஸில் முட்கள் சின்னப் பஞ்சுமெத்தை போன்ற புள்ளியிலிருந்து கிளம்பும். கள்ளியைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலில் எரிச்சலைத் தரும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தப்பித் தவறிக் கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

மற்றபடி, அடுத்த முறை கேக்டஸ் சுருங்கியதும் கை குவளைக்குப் போகும் முன் அந்தக் குச்சியை ஒருமுறை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் குவளையைக் கீழே வைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்ப்பதுதான் முதல் வேலை.