"எல்லாம் நல்லாத்தான் போகுது"

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் விடியற்காலையில் பயணம் செய்தால், முதல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் கம்பெனி பஸ்களை வரிசையாகக் காணலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் பெரிய தொழிற்சாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவற்றை நம்பி, வங்கிக் கடனிலும் வீட்டு நகையை அடகு வைத்தும் தொடங்கப்பட்ட சிறு பட்டறைகளும் நிறுவனங்களும் உண்டு. அவற்றை நடத்தும் இளம் முதலாளிகளைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஆர்டர் குறைந்துவிட்டது. பில் பணம் வரவில்லை. ஏழாம் தேதி சம்பளம் போட்டாக வேண்டும். "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்கிறார். மனைவிக்கும் அதே பதில்தான். உள்ளே அடக்கி வைத்த அச்சம் ஒருநாள் கோபமாக வெடிக்கிறது. அதைத் தாங்கிக்கொள்பவர் யார்? மெஷின் அருகே நிற்கும் உதவியாள் பையன்!

அச்சப்படுவது குற்றமல்ல. அதற்குக் காரணமும் உண்டு. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. எட்டே ஆண்டுகள்! ஒரே ஒரு பெரிய நிறுவனத்தை நம்பி வாழ்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை இவ்வூர் கண்டது. எனவே, தொழில் சரிவதெல்லாம் அதை நடத்துபவரின் தோல்வி ஆகிவிடாது. "என் கம்பெனிதான் நான்" என்று எண்ணுபவரால் இந்த உண்மையை ஏற்க முடிவதில்லை.

உண்மையை மறைத்தால் என்ன நடக்கும்? 2021 டிசம்பரில், இப்பகுதியிலுள்ள பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், தங்கள் விடுதி உணவால் நோயுற்றனர். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் நிலை பற்றித் தெளிவான பதில் கிடைக்காதபோது, சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது உண்மையல்ல. ஆனாலும் பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். விடுதி வசதிகள் உரிய தரத்தில் இல்லை என்பது பின்னரே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆலை 2022 ஜனவரியில்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. தலைமை வாய் மூடிக்கொண்டால், வதந்தி வாய் திறக்கிறது. பத்துப் பேர் உள்ள பட்டறைக்கும் இது பொருந்தும்.

இதற்கு மாறான ஒரு தலைவரையும் நாம் அறிவோம். 1979 ஆகஸ்ட் 10 அன்று, அப்துல் கலாம் இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டுக் கடலில் விழுந்தது. அன்று செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, செய்தியாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பி வைத்தார். தோல்வி தனக்கு, வெற்றி தன் குழுவினருக்கு! கலாம் இதைத் தம் வாழ்நாள் முழுவதும் பல மேடைகளில் நன்றியோடு சொல்லி வந்தார்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியவை எவை?

முதலாவதாக, சம்பளம் தாமதமாகும் என்று தெரிந்தால், அதை முன்கூட்டியே சொல்வோம். எந்தத் தேதியில் தர முடியும் என்பதையும் சொல்வோம். நம்மிடம் வேலை செய்பவருக்கும் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் உண்டு.

இரண்டாவதாக, நமக்கு வரவேண்டியதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம்.

மூன்றாவதாக, கோபத்தில் பேசிவிட்டால், எல்லார் முன்னும் திட்டியதற்கு எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்போம். இதனால் மதிப்புக் குறையாது, கூடும்.

நான்காவதாக, மனம் திறக்க ஒருவரையாவது வைத்துக்கொள்வோம். தூக்கமின்மையும் விரக்தியும் நீடித்தால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்று மாலை வீட்டில், "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டால், நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்? உண்மையைச் சொல்லிப் பார்ப்போமே!