யார் தோட்டத்துக் கன்று?

மலைவாழைக்குக் கன்று வாங்கப் போனால், எந்தத் தோட்டத்துக் கன்று என்று விசாரித்துவிட்டுத்தான் விலை பேசவேண்டும். பாச்சலூரும் அதைச் சுற்றியுள்ள கீழ்ப்பழனி மலையும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. 1970களில் முடிக்கொத்து நோய் பரவி விருப்பாச்சி என்னும் மலைவாழையை ஏறக்குறைய துடைத்துப் போட்டது. அது ஒரு வைரஸ் நோய். அசுவினி பரப்பும், நோயுள்ள தாய்மரத்தின் கன்றும் சுமந்து வரும். கன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் புலப்படாமல் போகலாம். நட்டபின் ஒருநாள் குருத்திலைகள் குறுகி, கொத்தாக விறைத்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். பிற்பாடு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு முறையில் வைரஸ் இல்லாத கன்றுகளை உருவாக்கித் தந்த பிறகே இந்த வாழை மறுபடி தலையெடுத்தது.

லினக்ஸுக்கு மென்பொருள் கட்டுகிறவர்களுக்கும் இதே கவலைதான். அவர்களுடைய கன்றுக்குப் பெயர் பொதி. பொதிகள் அடுக்கி வைக்கப்பட்ட இடம் களஞ்சியம். பேச்சில் எல்லாரும் 'ரெப்போ' என்கிறார்கள்.

நமக்குப் பக்கத்து உதாரணம் சென்னை சி-டாக் உருவாக்கும் 'பாஸ்' லினக்ஸ். 2007இல் முதல் பதிப்பு வந்தது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இதுவும் மாணவர் கைக்குப் போனது. பாஸ் தனியாக முளைத்ததல்ல, டெபியன் என்னும் பெரிய மரத்தின் பக்கக்கன்று. 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. அத்தனையையும் யாரும் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. பெரும்பாலானதை அப்படியே எடுத்துக்கொண்டு, மாற்றவேண்டிய சிலவற்றை மட்டும் தாமே கட்டுவதுதான் இப்படிப்பட்ட லினக்ஸ் வகைகளின் வழக்கம்.

கட்டுவது என்றால் என்ன? மூலநிரலோடு ஒரு பட்டியலும் வரும்: என்னைக் கட்ட இந்த இந்தப் பொதிகள் வேண்டும் என்று. டெபியன் உலகின் 'எஸ்பில்ட்' போன்ற கருவி ஒவ்வொரு முறையும் ஒரு வெறும் அறையைத் திறந்து, பட்டியலில் உள்ளதை மட்டும் இறக்கி, கட்டி முடித்ததும் அறையைக் கழுவிவிடும். அந்தப் பட்டியலில் உள்ள ஒன்று சொந்தக் களஞ்சியத்தில் இல்லாவிட்டால் வெளிக் களஞ்சியம் ஒன்றை இணைக்கவேண்டும். இணைப்பது ஒரே வரி வேலை. ஆனால், ஒரு பொதிக்காக நாம் எழுதும் அந்த வரி அந்தக் களஞ்சியத்தின் எல்லாப் பொதிகளுக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது.

ஒரே பெயர் இரண்டு களஞ்சியங்களில் இருந்தால் எது உள்ளே வரும்? டெபியனில் பொதிகளை இறக்கும் 'ஆப்ட்' கருவி சாதாரணமாக எல்லாக் களஞ்சியத்துக்கும் 500 என்று ஒரே மதிப்பெண் போடும். மதிப்பெண் சமமானால் பதிப்பு எண் பெரியது ஜெயிக்கும். தமிழ் எழுத்து உடையாமல் இருக்க நாம் திருத்தி வைத்த நிரல்நூலகம் 1.4 என்றும், வெளியில் அதே பெயரில் 1.5 என்றும் இருக்கட்டும். நம் திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும், பிழைச்செய்திகூட வராது. வெளிக் களஞ்சியத்தின் மதிப்பெண்ணை 100 ஆக இறக்கி வைத்தால், வேறெங்கும் கிடைக்காததை மட்டுமே அங்கிருந்து எடுக்கும். ஓப்பன்சூசே என்ற இன்னொரு லினக்ஸ் குழுவின் பொதிகட்டும் சேவையான 'ஓபன் பில்டு சர்வீஸ்' இதை வேறுவிதமாகப் பார்க்கிறது: களஞ்சியங்களை எந்த வரிசையில் எழுதினோமோ அதுதான் கணக்கு, முன்னால் இருப்பது முந்தும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். பதிப்பு எண்ணை யார் வேண்டுமானாலும் பெரிதாக எழுதிக்கொள்ளலாமே!

அப்படி எழுதியும் காட்டினார் ஒருவர். அலெக்ஸ் பிர்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், நிறுவனங்கள் தங்களுக்குள் மட்டும் புழங்கிய பொதிகளின் பெயர்களைத் தேடிப்பிடித்து, அதே பெயர்களில் பொதுக் களஞ்சியங்களில் தன் பொதிகளை ஏற்றினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் அவருடைய நிரல் ஓடியது. 2021 பிப்ரவரியில் அவரே இதை வெளியிட்டார். கெட்ட எண்ணக்காரர் ஒருவர் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

'மின்னொப்பத்தைச் சரிபார்க்கச் சாவிதான் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. களஞ்சியத்தின் முகப்புக் கோப்பில் அதன் உரிமையாளர் மின்னொப்பம் இட்டிருப்பார். அந்தக் கோப்பு பொதிப்பட்டியலின் கைரேகையைச் சொல்லும். பட்டியல் ஒவ்வொரு பொதியின் கைரேகையையும் சொல்லும். வழியில் யாரும் சரக்கை மாற்றமுடியாது. இதில் பலர் செய்யும் தவறு, வெளியாரின் சாவியைப் பொதுச் சாவிக்கொத்தில் போட்டுவிடுவது. அங்கே போட்ட சாவி எல்லாக் களஞ்சியத்துக்கும் செல்லும். இன்ன சாவி இன்ன களஞ்சியத்துக்கு மட்டும் என்று அந்த வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஆனால் ஒப்பம் சொல்வது, அனுப்பியவர் யார் என்பதை மட்டும். சரக்கு நல்லதா என்பது அதற்குத் தெரியாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் பிராயுண்ட் என்ற பொறியாளர் அறிவித்த 'எக்ஸ்இசட்' விவகாரம் அதற்குச் சாட்சி. சுருக்கும் கருவி ஒன்றின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளர் பெயரிலேயே கள்ளக்கதவு ஒன்று வந்திருந்தது. டெபியனின் சோதனைக் கிளைகள் அதைச் சரியான ஒப்பத்தோடு விநியோகித்துக்கொண்டிருந்தன. பொதுவில் தெரிந்த நிரலில் அது முழுமையாக இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய மூட்டையில்தான் அதன் திறவுகோல் இருந்தது. அதைவிட விசேஷம், டெபியன் பொதியாகவோ, வேறு சில லினக்ஸ்களின் ஆர்பிஎம் பொதியாகவோ கட்டப்படுகிறோமா என்று அது பார்த்துக்கொள்ளும். ஆமென்றால்தான் வேலையைத் தொடங்கும். முடிக்கொத்து வைரஸுக்கு வாழை எப்படியோ அப்படி. கணினிக்குள் நுழையும்போது அரை நொடி தாமதம் ஏன் என்று பிராயுண்ட் துருவியதால் அகப்பட்டது.

வெளிக் களஞ்சியம் முழுவதையும் வீட்டுக்கு இறக்கி வைக்கவேண்டியதில்லை. 2016இல் ஓபன் பில்டு சர்வீஸில் ஒரு வசதி வந்தது: பட்டியலை மட்டும் வாங்கிவைத்து, கட்டும்போது தேவைப்படும் பொதியை மட்டும் அப்போது இறக்கும். சிக்னல் வந்து போகும் மலைக்கிராமத்தில் இது பெரிய நிம்மதி. ஒரு சங்கடமும் உண்டு. அங்கே பொதி மாறினால் இங்கே கட்டுவதும் மாறும். திங்கட்கிழமை கட்டியது வெள்ளிக்கிழமை அதே மாதிரி வராது.

அதற்கு ஒரு வழியாக டெபியன், 2005இலிருந்து தன் களஞ்சியத்தின் பழைய நிலைகளைத் தேதிவாரியாகப் பாதுகாக்கிறது. இன்ன நாளின் களஞ்சியம் என்று முகவரியில் எழுதிவிட்டால் சரக்கு அன்றைய தேதியில் உறைந்து நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுபோகும் என்பதால் தேதியை அவ்வப்போது கையால் நகர்த்தவேண்டும். பழைய முகப்புக் கோப்பில் காலாவதி நாள் குறித்திருந்தால் ஆப்ட் அதைக் கெட்டுப்போன பால்போல ஒதுக்கித் தள்ளும். தேதியைப் பார்க்காதே என்று தனியாகச் சொல்லவேண்டியிருக்கும்.