வந்து மறைந்த எச்சரிக்கை

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு காலை, அல்சூரில் வாழும் நம் அன்பர் ஒருவர் காப்பி அருந்திக் கொண்டிருந்தார். டம்ளர் வலக்கையினின்று நழுவிற்று, வாய் ஒருபுறம் கோணிற்று, பேச்சுக் குழறிற்று. வீட்டார் பதறினர். ஆனால் கால்மணி நேரத்திற்குள் யாவும் சரியாகிவிட்டன. "வாயுதான், பொங்கலுக்கு ஊருக்குப் போகையில் நம் வைத்தியரிடம் காட்டிக்கொள்ளலாம்" என்று அவர் அமைதியுற்றார். மூன்றாம் நாள் வலக்கையும் வலக்காலும் செயலற்றன. இன்று அவர் தடியூன்றி நடக்கிறார்; பேச்சு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

அவரைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. பிழைப்புக்காக வந்த ஊரில் ஒருநாள் சம்பளத்தை இழக்கவும், அறியாத மருத்துவமனைப் படியேறவும் நம்மவர் தயங்குவது இயல்பே. நாமும் அவ்வாறே செய்திருப்போம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயைச் சிறு கட்டியொன்று அடைத்துப் பின் தானே விலகியதுதான் முதல் நாள் நேர்ந்தது. இத்தகைய எச்சரிக்கைக்குப் பின் பக்கவாதம் வரும் அபாயம் அடுத்த சில நாட்களிலேயே மிகுதி. ஆகவே குறி மறைந்ததென்று மகிழாமல், அன்றே மருத்துவரைக் காணல் வேண்டும்.

நிற்க. ஒவ்வொரு சிறு நோவுக்கும் அஞ்ச வேண்டுமோ? வேண்டா. சம்மணமிட்டிருந்தபின் கால் மரத்துப்போவது வேறு; நெடுநாள் பழகிய தலைவலி வேறு. 'திடீரென' என்னும் சொல்லே இங்கு உரைகல். திடீரென முகம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், நடை தள்ளாடல், முன் கண்டிராத கடுந்தலைவலி ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே புறப்படுக. வலிப்பு 5 நிமிடத்திற்கு மேல் நீடிப்பினும் அவ்வாறே. சாவிக்கொத்தைத் தேடிக் காலங் கழிக்கலாகாது.

முதற்கண், நோயாளி இறுதியாக நலமாயிருந்த நேரத்தை ஒரு சீட்டில் குறித்துக்கொள்க. கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் இடுவதே வழக்கம். அடைப்போ இரத்தக் கசிவோ என்பது ஸ்கேன் எடுத்தாலன்றித் தெரியாது. எனவே வீட்டில் மாத்திரை கொடுத்தல் தவறு. காப்பியோ கஞ்சியோ புகட்டினால் மூச்சுக் குழாயில் இறங்கிவிடக்கூடும். 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள அண்மை மருத்துவமனைக்குச் செல்க. கன்னடம் வாராதென்று தயங்க வேண்டா. சீட்டிலுள்ள நேரம் எம்மொழியார்க்கும் விளங்கும்.

ஓசூர் சாலை நிமான்ஸ் என்றாலே மனநோயாளர்க்கு மட்டுமுரிய இடமென்று நம்மிற் பலர் கூசுகின்றனர். 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிலையமும் பழைய மனநோய் மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவான அந்நிலையம், மூளை நரம்பு நோய்களின் மருத்துவத்திற்கும் நாடெங்கும் பெயர்பெற்றது. அங்குச் செல்வதில் இழுக்கேதுமில்லை. மனநோய்க்காகச் செல்வதிலும் இல்லை.

"முதல் நாள் வந்ததை நான் பொருட்படுத்தவில்லை, மற்றவர்க்காவது சொல்லுங்கள்" என்று அவ்வன்பர் தட்டுத்தடுமாறி நம்மிடம் கூறினார். சொல்லிவிட்டோம். இனி இதனை இல்லத்தார் அனைவர்க்கும் படித்துக் காட்டுவது உங்கள் கடன்.