ஆடுபுலியாட்டத்திற் புலியின் மதிப்பு

விளையாட்டென்ற அளவிலே அதனை வீண்பொழுதென்று தள்ளுவார் நம்முட் பலர். எனினும், ஒரு பொருளின் வலிமையை அளந்தறியும் பயிற்சியை விளையாட்டைப்போல எளிதிற் புகட்டுவது பிறிதொன்றில்லை. அமெரிக்க நாட்டில் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் கணிதப் பேராசிரியர் இயற்றிய 'மேஜிக்' என்னும் சீட்டாட்டம் 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாட்டத்திலும் அதன் வழிவந்த பிறவற்றிலும், ஒவ்வொருவரும் தாம் விலைக்கு வாங்கியும் தம்முள் மாற்றிக்கொண்டும் சேர்த்த சீட்டுகளினின்று ஒரு கட்டமைத்துப் பொருதுவர். பூதமும் நாகமும் பிற விலங்குகளும் சீட்டுகளில் எழுதப்பட்டு, அவற்றின் வலிமை எண்ணாற் குறிக்கப்பட்டிருக்கும். புதிதாய் ஆடுவோர் எண் பெரிதாயுள்ள பூதமே சிறந்ததென்பர். தேர்ந்தோர் அவ்வாறு கொள்ளார். எண் சிறிதாயினும், தாக்கவும் காக்கவும் எதிரியின் சூழ்ச்சியைக் கலைக்கவும் ஒருங்கே உதவும் பூதத்தையே அவர் தேடுவர். இவ்வாறு பலதொழிற்கும் உரிய ஒன்றை மதிப்பிடுவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதனை ஆராய்தற்கு மேனாட்டுச் சீட்டுகளைத் தேடவேண்டுவதில்லை. நம் முன்னோர் திண்ணையிலும் கோயில் மண்டபத்துக் கற்றரையிலும் கோடிழைத்து ஆடிய ஆடுபுலியாட்டமே போதும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய மலையடிவாரத்து ஊரார்க்கு ஆட்டுமந்தையும் புதிதன்று, புலியின் பெயரும் புதிதன்று. இவ்வாட்டத்தைத் தெலுங்கர் 'புலி மேக' என்பர். கன்னடரும் ஆட்டையும் புலியையும் சேர்த்தே வழங்குவர். இதிற் புலிக்காயின்மேல் எண் எதுவும் எழுதப்படவில்லை. அதன் வலிமையை ஆடுவோனே கணக்கிட்டு அறிதல் வேண்டும். ஆதலின் இது நம் ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமுடையது.

முதற்கண் ஆட்டக் களத்தை அறிவோம். உச்சியில் ஒரு புள்ளி. அதினின்று நான்கு கோடுகள் விரிந்திறங்கி ஓர் அடிக்கோட்டில் முடியும். இடையே மூன்று குறுக்குக் கோடுகள் அந்நான்கினையும் வெட்டி இருபுறமும் வெளியே நீளும். அவற்றின் முனைகளைப் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு நேர்கோடுகள் இணைக்கும். உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் தலைக்கு 6 ஆக 18, அடிக்கோட்டில் 4, ஆகப் புள்ளிகள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. புலிக்குக் கூழாங்கல்லும் ஆட்டிற்குப் புளியங்கொட்டையும் அமையும். ஆடுகளை ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்குவர். அனைத்தும் இறங்கிய பின்னரே அவை நகரும். புலியோ தன் முறைதோறும் நகரும். அடுத்த புள்ளியில் ஆடிருந்து, அதே நேர்கோட்டில் அதற்கப்பாலுள்ள புள்ளி வெறுமையாயின், புலி தாவி அவ்வாட்டை வெட்டும். ஆட்டிற்கு வெட்டுதல் இல்லை. மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டிற்கு வெற்றி. அவ்வாறு அடைக்க இயலாத அளவிற்கு ஆடுகள் குறைந்தால் புலிக்கு வெற்றி. ஊர்தோறும் விதிகள் சிறிது வேறுபடினும் ஆட்டத்தின் உயிர்நிலை இதுவே.

இனி, ஒரு புலியின் மதிப்பு யாது? பதினைந்தை மூன்றால் வகுத்து, ஒரு புலி ஐந்து ஆடுகளுக்கு ஒப்பாகும் என்று கூறுவார் உளர். நேபாள நாட்டில் ஆடும் 'பாக் சால்' என்னும் இதன் இன ஆட்டத்தில் 25 புள்ளிகளும் 4 புலிகளும் 20 ஆடுகளும் உண்டு. அங்கும் அவ்வீதமே வருகின்றது. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் அறிஞரிருவர் அந்நேபாள ஆட்டத்தைக் கணிப்பொறியால் ஆராய்ந்து, இருதிறத்தாரும் பிழையின்றி ஆடுவராயின் அது வெற்றி தோல்வியின்றி முடியும் என்று நிறுவினர். ஆயினும் இவ்வகுத்தற் கணக்கு ஆட்டத்தின் நடுவே நமக்கு உதவாது. நடுவே நாம் அறியவேண்டுவது, 'இந்தப் புலி இந்தப் புள்ளியில் நிற்கையில் இதனை அடைக்க எத்தனை ஆடுகள் வேண்டும்?' என்பதொன்றே. எதிரியிடமிருந்து ஒரு காய் எத்தனை காய்களைத் தன்பொருட்டுச் செலவிடச் செய்கின்றதோ, அதுவே அதன் உண்மை மதிப்பு என்க.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்ப்போம். உச்சியில் தனித்து நிற்கும் புலிக்கு நான்கு வழிகள் உள. ஒவ்வொரு வழியிலும் ஓர் ஆட்டை நிறுத்தினாற் போதாது. அதனைத் தாவாதிருத்தற்குப் பின்னேயும் ஓர் ஆடு வேண்டும். ஆகவே 8 ஆடுகள் வேண்டும். நடுக் குறுக்குக் கோட்டின் உட்புள்ளிகள் இரண்டிலும் கணக்கு இதுவே. ஆனால் அப்புலியே குறுக்குக் கோடுகளின் வெளிமுனைகள் ஆறில் ஒன்றிலோ, அடிக்கோட்டின் இருமூலைகளில் ஒன்றிலோ போய் நின்றால், 4 ஆடுகளே அதனை அடைத்துவிடும். புலி ஒன்றே, பல்லும் நகமும் அவையே. நிற்குமிடம் மாறிய அளவில் மதிப்புப் பாதியாயிற்று.

தனிப்புலியினும் மூன்று புலிகளையும் சேர்த்து நோக்கின் வியப்பு மிகும். உச்சியில் ஒரு புலியும், அதனை அடுத்து முதற் குறுக்குக் கோட்டின் உட்புள்ளிகளில் இரு புலிகளும் நிற்பது பலரும் தொடங்கும் நிலை. காண்பதற்கு அஞ்சத்தக்க கூட்டமே. ஆயினும் எண்ணிப் பார்ப்பின், அவை அங்கேயே நின்றுவிடின் 10 ஆடுகளே மூன்றையும் அடைக்கப் போதும். உச்சிப்புலியின் வழிகளில் இரண்டை அதன் தோழரே அடைத்து நிற்கின்றனர் அன்றோ? மூன்று புலிகளும் ஒரே பக்கத்து வெளிமுனைகள் மூன்றில் ஒதுங்கினாலோ, 6 ஆடுகளே போதும். இனி, ஒன்று உச்சியிலும், ஒன்று மூன்றாம் குறுக்குக் கோட்டின் இடப்பக்க உட்புள்ளியிலும், ஒன்று நடுக் குறுக்குக் கோட்டின் வலப்பக்க முனையிலும் பரந்து நிற்பதாகக் கொள்வோம். அப்பொழுது 15 ஆடுகளும் வேண்டும். ஓராட்டை முன்னரே இழந்திருந்தாலும் அந்நிலையில் மூன்றையும் ஒருங்கே அடைத்தல் கைகூடாது. ஐயமுடையார் தரையிற் கோடிழைத்துக் காய்களை வைத்துத் தாமே எண்ணிக்கொள்க.

ஆட்டின் பக்கத்தையும் நடுநிலையாக நோக்குதல் வேண்டும். களத்தில் ஏழு புள்ளிகளில் நிற்கும் ஆட்டை எப்புலியாலும் வெட்ட இயலாது. உச்சி, முதலாம் மூன்றாம் குறுக்குக் கோடுகளின் முனைகள் நான்கு, அடிக்கோட்டின் மூலைகள் இரண்டு என்பன அவை. அவ்விடங்களைக் கடந்து நேரே செல்லும் கோடு இன்மையே காரணம். தேர்ந்த ஆட்டுக்காரன் முதலில் இவ்விடங்களில் ஆடுகளை இறக்கி, பின்னர் ஒன்றற்கொன்று முதுகுகாப்பாக மெல்ல மெல்ல உள்ளே நிரப்புவான். களம் வெறுமையாய் இருக்கையில் புலி பாயுமிடமெல்லாம் வழி. ஆடு ஒவ்வொன்றாய் இறங்க இறங்க வழிகள் சுருங்கும். ஆதலின் காலமும் மதிப்பை மாற்றும். தொடக்கத்தில் வெட்டக் கிடைத்த ஓராட்டை விடுத்துச் சோம்பும் புலி, முடிவில் அதற்கு ஈடுகட்ட இயலாது. ஓராட்டை வெட்டும் ஆசையால் மூலையிற் புகுந்து அங்கேயே அடைபடும் புலியும் பேதைமை உடையதே.

இவற்றினின்று பொதுவிதி ஒன்று பெறப்படும். பலதிறம் உடைய காயை மதிப்பிடுகையில் மூன்று வினாக்களை வினவுதல் வேண்டும். அதற்கு இப்பொழுது எத்தனை வழிகள் திறந்துள்ளன? அதனைத் தடுக்க எதிரி எத்துணைச் செலவிடல் வேண்டும்? நம் பிற காய்கள் அதற்கு வழிவிடுகின்றனவா, வழி மறிக்கின்றனவா? சீட்டில் எழுதிய பூதத்திற்கும், சதுரங்கத்து அரசிக்கும், கூழாங்கற் புலிக்கும் இவ்விதி ஒக்கும். பலதிறம் என்பது காயினுள் அடங்கிக் கிடக்கும் பொருளன்று. திறந்த வழிகளின் தொகையே அது. வழியற்ற திறமை, விவிலிய உவமையில் மண்ணிற் புதைக்கப்பட்ட தாலந்தை ஒக்கும்.

மெய்யான புலிக்கும் இது பொருந்துமாறு காண்க. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சாரலில் சாம்பல்நிற அணிலின் பொருட்டு 1988இல் ஒரு சரணாலயம் அமைந்தது. 2021இல் அதனையும் மேகமலையையும் இணைத்து, ஏறத்தாழ ஆயிரம் சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. மேற்கே அது கேரளத்துப் பெரியாற்றுக் காட்டோடு தொடர்ந்து கிடக்கின்றது. இத்தொடர்ச்சியே அதன் பெருஞ்சிறப்பு. துண்டுபட்ட காட்டிலுள்ள புலி, எத்துணை ஆற்றல் உடையதாயினும், மூலையில் அடைபட்ட காயே ஆகும்.

மாணாக்கர்க்கு ஒரு வேண்டுகோள். பழைய மண்டபங்களின் தளங்களைப் புதுக்குகையில், அவற்றிற் செதுக்கிய இக்களங்கள் எளிதில் மறைந்துபோகும். விடுமுறையில் ஊர் செல்வோர் தத்தம் ஊர்க் கோயில் தளத்தையும் சாவடித் திண்ணையையும் நோக்கி, அங்குள்ள கோடுகளைத் தாளில் வரைந்து, முதியோர் கூறும் விதிகளையும் உடன் எழுதிக் கொணர்வாராக. ஓர் ஊரின் களத்தில் ஒரு கோடு மிகினும் குறையினும் புலியின் மதிப்பு மாறுமாதலால், அவ்வரைபடம் ஒவ்வொன்றும் நமக்குப் புதியதொரு கணக்காகும்.