சேர்ந்ததும் சேர்த்ததும்

கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் ஒரு மேட்டு நிலத்தில் சாமை பயிரிடப்படுவதாகக் கொள்வோம். உழவர் நிலத்தை உழுதார், விதைத்தார், கதிர் முற்றியதும் அறுத்தார். மூன்று வினைமுற்றுகளிலும் ‘ஆர்’ என்னும் விகுதி மாறவில்லை. காலம் காட்டும் முறையே மாறுகிறது. உழு என்பது உழுகிறார், உழுவார் என வரும். விதை என்பது விதைக்கிறார், விதைப்பார் என வரும். செய் என்னும் வினை உழுவின் வழியிலும் அறு என்னும் வினை விதையின் வழியிலும் செல்லும். ஒன்றன் முக்கால வடிவங்களை அறிந்தவர் அதன் இனத்தைச் சேர்ந்த பலவற்றைப் பிழையின்றி அமைக்கலாம். இவ்வாறு முன்மாதிரியாக நிற்பதே வாய்பாடு.

பிரெஞ்சு மொழியிலும் ஒழுங்கு வினைகளுக்கு வாய்பாடுகள் உண்டு. பேசுதலைக் குறிக்கும் ‘பார்லே’ அவற்றுள் ஒன்று. அம்மொழியில் அகராதிச் சொல்லின் ஈற்றைக் கண்டே வினையின் இனத்தைப் பெரும்பாலும் கூறிவிடலாம். ஆயினும் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கிற்கும் நிகழ்கால வினை ‘பார்ல்’ என்றே ஒலிக்கும், வேறுபாடு எழுத்தில்தான். எனவே எழுவாயை விட்டுவிட இயலாது. தமிழிலோ ‘விதைத்தேன்’ என்ற ஒரு சொல்லே விதைத்தவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது.

தமிழில் இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. ‘சேர்’ என்ற பகுதியை மட்டும் கண்டு அதன் இனத்தைக் கூற முடியுமா? கதிர்க்கட்டுகள் களத்தில் சேர்ந்தன. உழவர் அவற்றைக் களத்தில் சேர்த்தார். சேர்கின்றன, சேர்க்கிறார், சேரும், சேர்ப்பார் எனப் பிற காலங்களிலும் இவை பிரிந்தே செல்கின்றன. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. தாய்மொழியாளர் எண்ணிப் பாராமலே சரியாகக் கூறும் இவ்வேறுபாடு, தமிழைப் புதிதாகக் கற்பவருக்கு எளிதன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இதற்கு வழி கண்டது. ‘சேர்தல்’, ‘சேர்த்தல்’ எனத் தனித்தனியே பதிந்து, முன்னதற்கு 4, பின்னதற்கு 11 என வாய்பாட்டு எண்ணையும் அது தருகிறது.

வடமொழி வழி வந்த யோசி, வாசி போன்றவையும் யோசித்தார், யோசிக்கிறார், யோசிப்பார் என விதையின் வாய்பாட்டையே ஏற்றன. ஆங்கிலம் வழி வந்த ‘போன்’ அவ்வாறு விகுதி ஏற்கவில்லை. ‘போன் செய்தார்’ என்னும்போது காலத்தையும் விகுதியையும் சுமப்பது ‘செய்’ என்னும் பழைய வினையே.