ஷீட்டை விடப் பிடிமானம் முக்கியம்

கரையாம்புத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கூரை போடுவதுதான் பாதிப் பிழைப்பு. ஐப்பசி அடைமழை பிடித்த பிறகுதான் போன் மேல் போன் வரும்: "அண்ணே, நாளைக்கே ஷீட் மாத்தணும்." நனைந்த கூரையில் ஆளை ஏற்ற முடியாது. ஆடியிலும் வேண்டாம். அம்மியையே பறக்கவிடும் காற்று, ஷீட்டைத் தூக்கி நிற்பவனை விடுமா? பங்குனி முதல் வைகாசி வரை, வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை வேளைதான் இந்த வேலைக்கு வாகானது.

எங்கள் பக்கம் கூரைக்கு எமன் காற்றுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. அந்த நடுவில்தான் எங்கள் பாகூர் வட்டாரம் இருக்கிறது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தது. புயல் என்றதும் ஷீட் மேல் செங்கல்லை அடுக்குகிறார்கள். அது நிற்காது. கூரைமேல் வேகமாக ஓடும் காற்று ஷீட்டை மேலே இழுக்கும். திறந்த தாழ்வாரத்தில் புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். ஓரமும் மூலையும் முதலில் கிளம்பும். அடுக்கிய செங்கல் பக்கத்து வீட்டில் போய் விழும்.

ஆகவே வேலை பேசப் போனால் நான் முதலில் பார்ப்பது சுவரின் உச்சியை. அங்கே பெல்ட் காங்கிரீட் வேண்டும். இரும்புச் சட்டத்தின் காலை இரண்டு வரிச் செங்கல்லுக்குள் புதைத்துப் பூசினால், புயலில் அந்தச் செங்கல்லும் சேர்ந்தே பெயரும். காங்கிரீட்டில் போல்ட் பதித்து, பிளேட் வைத்து முடுக்க வேண்டும்.

அடுத்தது ஸ்க்ரூ. நெளி ஷீட்டில் மேட்டில்தான் போட வேண்டும். பள்ளம் தண்ணீர் ஓடும் வழி. ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் ரப்பர் கிழிந்து ஒழுகும். தளர்ந்திருந்தால் ஷீட் அதிர்ந்து அதிர்ந்து ஓட்டை பெரிதாகும். ஓரங்களிலும் முகட்டிலும் ஸ்க்ரூவை நெருக்கிப் போடுங்கள். ஷீட்மேல் ஷீட் ஏறும் மூட்டின் வாய், மழைக்காற்று வரும் வடகிழக்கைப் பார்க்கக் கூடாது. துளையிட்ட இரும்புத் தூளை அன்றைக்கே துடைப்பத்தால் பெருக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் பனி பட்டே துருப்பிடித்து, புது ஷீட்டையும் அரிக்கும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டை இறக்குவதுதான் ஆபத்தான வேலை. பார்க்கக் கல் மாதிரி இருக்கும். கால் வைத்தால் அப்பளமாக உடையும். சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான் நடக்க வேண்டும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸ் தூசும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்குங்கள். நல்ல மாஸ்க் போடுங்கள். உடைத்து ஏரிக்கரையில் கொட்டாதீர்கள். கூரையை ஒட்டி சர்வீஸ் வயர் போனால், மின்துறையில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே ஏணியைச் சாத்துங்கள்.

ஷீட்டின் கனத்துக்கும் கலருக்கும் யோசிக்காமல் செலவழிப்பவர்கள், போல்ட்டிலும் ஸ்க்ரூவிலும் மிச்சம் பிடிக்கிறார்கள். கூலி பேசும்போதே இவற்றைத் தனியாக எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஓர வரிசையை அண்ணாந்து பாருங்கள். ஸ்க்ரூ குறைந்திருந்தால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், போட்டது நானாக இருந்தாலும்.